தாம்பரத்தில் ஏறித் திருநெல்வேலியில் இறங்கும் ஸ்டோர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இருக்கிற நானூறு கம்பெனிகளுக்கும் கம்ப்யூட்டர் கொண்டுவந்தவள் நான்தான். நானூறு என்பது கொஞ்சம் கூடுதல். ஒன்று. அந்த ஒன்றுக்கும் கொண்டுவந்தது ஐஸ்வர்யா என்கிற சாஃப்ட்வேர் கம்பெனிப் பெண். நான் பர்ச்சேஸ் செக்‌ஷனில் உட்கார்ந்து ஆறாயிரம் சாமான்களின் பெயரை டைப் அடித்தேன். அடித்து அடித்து விரல் ரேகை தேய்ந்துபோய் ரேஷன் கடை மெஷின் என்னை யாரென்றே கேட்கிறது. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

நான் எழுத வந்தது இசக்கிபாண்டியைப் பற்றி.

எங்கள் கம்பெனி கார் சீட்டுக்கு இரும்பு ஃபிரேம் செய்தது. 2003இல் நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தோல்பையோடு வந்து, சேரப்பணஞ்சேரியில் ஆறு பேர் படுக்கும் ரூமில் ஏழாவது ஆளாகப் படுத்துக்கொண்டு, எங்கள் ஸ்டோரில் ஹெல்பராகச் சேர்ந்தார் இசக்கிபாண்டி. இரண்டே வருடத்தில் ஸ்டோர் கீப்பர். காரணம், போல்ட், ஸ்பிரிங், புஷ், பெயின்ட் என்று எது எங்கே இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஸ்டோரில் பன்னிரண்டு ரேக். எதிலும் பெயர் கிடையாது, நம்பர் கிடையாது. ஆனால் இசக்கிபாண்டியின் மண்டைக்குள் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. வாசலை ஒட்டிய முதல் ரேக் தாம்பரம். அடுத்தது செங்கல்பட்டு. அப்புறம் விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, வாஞ்சி மணியாச்சி. பின்சுவரை ஒட்டிய கடைசி ரேக் திருநெல்வேலி. அவர் ஊருக்குப் போகிற ராத்திரி ரயில் நிற்கும் ஸ்டேஷன்கள், வரிசை மாறாமல். ரேக்கின் தட்டுகளுக்குப் பெயர் பிளாட்பாரம்.

“ஏம்பா இப்படி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஊரு நெனப்பு வந்தா என்னக்கா செய்ய? லீவு கேட்டா தர மாட்டுக்காவ. இப்படி வச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு நாப்பது தடவ ஊருக்குப் போயிட்டு வந்துருதேம்லா.”

அவருக்குச் சௌகரியம். மற்றவர்களுக்குத்தான் வம்பு. அசெம்ப்ளி லைன் சூப்பர்வைசர் பாண்டுரங்கன் ஸ்ரீபெரும்புதூரிலேயே பிறந்து வளர்ந்தவர். இசக்கிபாண்டி சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் லைனுக்கு ஒரு வாஷர் தேவைப்பட்டால் போன்தான்.

“இன்னா இசக்கி, பன்னெண்டு எம்எம் வாஷர் எங்க கீது?”

“சாத்தூர் ரெண்டாவது பிளாட்பாரம்ணே.”

“சாத்தூரு மதுரைக்கு முன்னாடியா பின்னாடியா? யோவ், எனக்கு விழுப்புரத்துக்கு அந்தாண்ட ஒரு ஊரும் தெரியாதுய்யா!”

ஞாயிற்றுக்கிழமை போன். காய்ச்சலில் படுத்திருந்தாலும் போன். அவர் கல்யாணத்தில், தாலியில் இரண்டு முடிச்சு போட்டு மூன்றாவது முடிச்சுக்கு முன் போன் அடித்தது. “கோவில்பட்டி, மேல் தட்டு, நீல டப்பாவுக்குப் பின்னால” என்று சொல்லிவிட்டுத்தான் முடிச்சைப் போட்டார். ஐயர் அந்த டப்பாவைத் தேடுவதற்காக மணையிலிருந்தே எழுந்துவிட்டாராம். ஐயர் எழுந்தது மட்டும் என் கைச்சரக்கு. மற்றதெல்லாம் நிஜம். போன் போட்டவர் பாண்டுரங்கன்.

2014இல் எங்களிடம் ஃபிரேம் வாங்கும் கார் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. பர்ச்சேஸ், ஸ்டோர், புரொடக்‌ஷன், பில் எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில் ஓட வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் கிடையாது. ஆளைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று கேண்டீனில் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இசக்கிபாண்டி ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார். டிரெய்னிங்கின் முதல் நாளே கையைத் தூக்கினார்.

“மேடம், எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் இதுல ஏத்திட்டா, எனக்கு லீவு கிடைக்குமா?”

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மகளுக்கு ஐந்து வயது. இன்னும் முதல் மொட்டை போடவில்லை, காது குத்தவில்லை. ஊரில் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவின்போது செய்வதாக நேர்ந்துகொண்டது. ஒவ்வொரு வருடமும் கொடை வரும், லீவு வராது. பிள்ளையின் முடி இடுப்புக்கு வந்துவிட்டது. “இன்னும் ஒரு வருசம் போனா அவளே மொட்டை வேண்டாம்னு அழுதுருவா. இந்தக் கொடைக்கு நீங்க வரலன்னா நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போறவ திரும்பி வர மாட்டேன்” என்று அவர் மனைவி மாரிசெல்வி சொல்லியிருந்தாள்.

ஐஸ்வர்யா ஸ்டோருக்கு வந்து, ரேக்குகளுக்குக் கம்ப்யூட்டரில் என்ன அடையாளக் கோடு வைக்கலாம் என்று கேட்டாள். ஏ, பி, சி என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பாள். அவர் தாம்பரத்தில் ஆரம்பித்தார். விருத்தாசலம் வரை மளமளவென்று அடித்தவள் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், இது டிரெயினா?”

“ஆமா மேடம். மாத்தணுமா?”

“வேணாம் சார். ஒரு பேர் இன்னொரு தடவை வராம இருந்தா போதும். சிஸ்டத்துக்கு அதான் வேணும்.” ரயில்வேக்காரர்கள் டிக்கெட்டில் போடும் சுருக்கெழுத்தையே கோடாக வைத்தாள். மதுரைக்கு எம்டியு. ரேக்கில் ஸ்டிக்கர் ஒட்டினோம். இரண்டு மாதம் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அவர் கீபோர்டைத் தொடவில்லை. “எழுத்து எங்க இருக்குன்னு தேடவே எனக்குப் பொழுது போயிரும்க்கா” என்பார். ஆறாயிரம் சாமான் இருக்கும் இடம் தெரிந்த மனிதருக்கு இருபத்தாறு எழுத்து இருக்கும் இடம் தெரியவில்லை.

வைகாசியில் கொடை. சிஸ்டம் ஓட ஆரம்பித்து ஒன்றரை மாதம். எம்.டி. திருமலை லீவு கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“மூணு நாளாப்பா? இங்க வல்லக்கோட்டை முருகன் கோயில்லயே மொட்டை போட்டுடேன். காலைல போனா பத்து மணிக்குள்ள வந்துடலாம்.”

“முருகன் கோவிச்சுக்க மாட்டாரு சார். இசக்கியம்மைதான் கோவிப்பா. நேந்தது அவளுக்குல்லா.”

எம்.டி. யோசித்தார். “சரி. பத்து சாமான் கேப்பேன். பாண்டுரங்கன் கம்ப்யூட்டரைப் பாத்து எடுத்துட்டு வரட்டும். பத்தும் வந்தா போய்ட்டு வா. ஒண்ணு தவறினாலும் கிடையாது. நீ வாயைத் தொறக்கக் கூடாது.”

மறுநாள் காலை ஸ்டோர் வாசலில் கூட்டம். பாண்டுரங்கன் ஸ்கிரீனைப் பார்ப்பார், ஓடுவார், கொண்டுவந்து வைப்பார். விழுப்புரத்துக்கு அந்தாண்ட தெரியாத மனிதர் வாஞ்சி மணியாச்சி வரை போய் ரிவெட் டப்பாவோடு திரும்பியபோது நான் கைதட்டினேன். ஒன்பது வந்துவிட்டது. பத்தாவதாக எம்.டி. சீட்டைச் சாய்க்கிற ஸ்பிரிங்கைக் கேட்டார். ஸ்கிரீன் திண்டுக்கல், முதல் பிளாட்பாரம் என்றது.

பாண்டுரங்கன் வெறுங்கையோடு வந்தார். “ஒண்ணுமே இல்ல சார். தட்டுல ஈரம்தான் கீது.”

இசக்கிபாண்டியின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை. கூரை ஒழுகியிருக்கிறது. காலையில் வந்தவர் ஸ்பிரிங் துருப்பிடிக்கக் கூடாதே என்று பழைய பழக்கத்தில் தூக்கி வேறு ரேக்கில் வைத்துவிட்டார். சிஸ்டத்தில் மாற்றவில்லை. அவரை மாட்டிவிட்டது அவரேதான்.

“அப்போ லீவு...” என்று எம்.டி. ஆரம்பித்தார்.

இசக்கிபாண்டி உதட்டை இறுக்க மூடிக்கொண்டு நேராகக் கம்ப்யூட்டரிடம் போனார். நின்றுகொண்டே ஒற்றை விரலால் தேடினார். எழுந்து உதவப் போனேன். ஐஸ்வர்யா என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். எம் கிடைத்தது. டி கிடைத்தது. யு எங்கேயோ ஒளிந்துகொண்டது. நாங்கள் அத்தனை பேரும் மூச்சை அடக்கியபடி யுவைத் தேடினோம். கிடைத்தது. எண்டரைத் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பழைய இடத்தில் போய் நின்றார்.

பாண்டுரங்கன் மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தார். “சார், மதுரைக்குப் பூட்ச்சு சார்!” என்று கத்திக்கொண்டே ஓடினார். ஸ்பிரிங் வந்தது.

எம்.டி. பேனாவை எடுத்தார். பிறகு, “வாயைத்தானே தொறக்கக் கூடாதுன்னு சொன்னேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அந்த மூன்று நாளும் லைன் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. தேடியதெல்லாம் ஸ்கிரீன் சொன்ன இடத்தில் இருந்தது. ஸ்டோரில் யாரும் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவவில்லை. எனக்கு அது என்னவோ போல் இருந்தது. இன்று அந்த ஸ்டோரே கிடையாது. கம்பெனி பெரிதாகி இடம் மாறிவிட்டது. புதிய ரேக்குகளில் வெறும் எண்கள்தான், ஸ்கேனர் ஒன்றைத் துப்பாக்கி மாதிரி நீட்டினால் அது ‘கீ’ என்று கூவுகிறது. இசக்கிபாண்டி தண்டலம் பக்கம் வேறொரு கம்பெனியில் ஸ்டோர் மேனேஜர். மகள் பிளஸ் ஒன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஊருக்குப் போய் வந்த மனிதரின் காலடிச் சத்தம் மட்டும் சில மத்தியானங்களில் என் காதில் கேட்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் என்னைப் பார்க்க வந்தார்கள். இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். கடைசி வரியையும் அப்போதே சேர்த்துப் படித்தேன்: “பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, அந்த மூன்று நாளும் இசக்கிபாண்டியின் போன் அடிக்கவே இல்லை.”

இசக்கிபாண்டி தலையைக் குனிந்துகொண்டார். மாரிசெல்வி விடவில்லை.

“அடிச்சுதுக்கா. ஒரு தடவ அடிச்சுது. பிள்ளைக்குக் காது குத்த ஆசாரி ஊசிய எடுத்துட்டாரு, அப்பம் அடிக்கு. நீங்கதாம்க்கா. வெள்ளை பெயின்ட் விருதுநகர்ல இருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டுது, நெசமாவே விருதுநகர்தானான்னு இவுகட்ட கேட்டீய. மேளச் சத்தத்துல காதுல விழலன்னு சொல்லி, கோயிலுக்கு வெளிய ஓடிப் போயி, ஆமாக்கா விருதுநகர்தான்னு சொல்லிட்டுத்தான் வந்தாவ.”