பதினோரு கட்டி தூரம்

“டொராண்டோவுக்கு இருபத்திரண்டு மணி நேரம்ப்பா” என்று மகள் டிக்கெட்டைக் காட்டினாள்.

“பதினோரு கட்டி ஐஸ்” என்றேன். முறைத்தாள்.

சாந்தோமில் மீன் விற்ற என் அம்மா, கூடையில் கரையும் ஐஸை வைத்துத்தான் தூரம் சொல்வாள். அடையாறு அரைக்கட்டி. பாலவாக்கம் நடந்துபோக ரெண்டு மணி நேரம், ஒரு கட்டி.

அப்பா மஸ்கட் வேலைக்குக் கிளம்பியபோது, “பிளேன்ல நாலு மணி நேரம்தான்” என்றார்.

“ரெண்டு கட்டிதானா? அப்போ ஞாயித்துக்கெழம சோத்துக்கு வந்துட்டுப் போய்யா!”

ஞாயிறுதோறும் அவருக்கொரு வஞ்சிரத் துண்டை எடுத்துவைப்பாள். சாயங்காலம் திட்டிக்கொண்டே அவளே தின்பாள். மூன்று வருடம் கழித்துத்தான் வந்தார்.

“இன்னாய்யா, வழியில ஐஸ் கரஞ்சிடுச்சா?” என்றாள்.

மகள் பெட்டியை மூடினாள்.

“ஞாயித்துக்கெழம சோத்துக்கு வந்துருவல்ல?” என்று கேட்டேன்.