அப்பாவின் இந்தி

வேப்பெண்ணெயைக் கரண்டியில் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் எடுத்துக்கொண்டு அப்பாவின் வலது கையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொள்வேன். ஒன்பது வயதுக்காரியின் மடிக்கு அந்தக் கை பெரிய கனம். அறுபதுகளில் தாராவியில் நாங்கள் குடியிருந்த "கோலி" ஒரே அறை, அதில் பாதியை அப்பாவின் கட்டிலே அடைத்துக்கொண்டிருந்தது.

அப்பா தோல் பட்டறையில் "முக்காதம்", ஆட்களை வேலை வாங்குகிறவர். ஒரு நாள் காலையில் குளிக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா விடியற்காலையில் இட்லி அவித்துத் தெருவில் விற்றுவிட்டு வந்ததும், முதுகு புண்ணாகாமலிருக்க, அடியில் விரித்த பழைய சேலையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும் பிடித்திழுத்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்போம். கஞ்சியை இடது கடைவாயில்தான் ஊட்ட வேண்டும், வலது பக்கம் ஊட்டினால் வழிந்துவிடும். புறா ரத்தம் தேய்த்தால் கை எழுந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு புறாக்களைப் பிடித்தே வந்துவிட்டார். அம்மா அவருக்குச் சாயா கொடுத்து அனுப்பிவிட்டுப் புறாக்களைப் பறக்கவிட்டாள்.

கை எழவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பேச்சு மட்டும் வந்தது, அதுவும் இந்தியில் வந்தது. பட்டறையில் இருபது வருஷம் பேசிய பேச்சுதான் உள்ளே மிஞ்சியதோ என்னவோ, நாங்கள் தமிழில் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், பதில் சொல்ல வாயைத் திறந்தால் இந்திதான். எங்கள் தமிழ்த் தெருவைத் தாண்டாத அம்மாவுக்குத் தண்ணீருக்கு "பானி" என்பது தவிர இந்தியில் ஒரு சொல் தெரியாது. "கட்டுன பொண்டாட்டிட்ட பேசுததுக்கும் ஒரு ஆளு வேணுமா!" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். தெருவில் விளையாடி இந்தி கற்றிருந்த நான்தான் அந்த ஆள். கஞ்சியில் உப்பில்லை என்று அவர் எரிந்து விழுந்தால், "இன்னும் ஒரு கல்லு உப்பு போட்டா நல்லாருக்குமாம்" என்று மாற்றிச் சொல்வேன். எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சித்தப்பா வந்தார், எங்களை ஊருக்கே கூட்டிப்போய்விடுவது என்று. அம்மா எந்தப் பக்கமும் சாயவில்லை. "அவுக வாயால என்ன சொல்லுதாவளோ, அதுதான்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். ஊரில் என் வயதுப் பெண்களெல்லாம் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். போனால் எனக்கும் ஒரு தட்டு.

சித்தப்பா கட்டிலருகே குந்தி, "எண்ணே, ஊருக்குப் போவமா?" என்றார். அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "காவ் லே சலோ… பாய், காவ் லே சலோ." ஊருக்குக் கூட்டிப்போ, தம்பி, ஊருக்குக் கூட்டிப்போ.

பம்பாயை அப்போதுதான் முதல்முறை பார்க்கும் சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "என்ன பிள்ளே சொல்லுதாவ?"

"இங்கயே இருக்கேங்காவ," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்ன தமிழ் அவருக்குப் புரிந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அப்படியாண்ணே?" என்று சித்தப்பா மறுபடி கேட்டார். அப்பா என் மேலிருந்து கண்ணை எடுக்காமலே தலையசைத்து "ஹாங்" என்றார். ஆமாம் என்றுவிட்டார்.

சித்தப்பா தனியாக ரயிலேறினார். அடுத்த மழைக்காலம் வரை உயிரோடிருந்த அப்பா, அதன்பின் ஒரு நாள்கூட ஊர்ப்பேச்சை எடுக்கவில்லை. நான் படித்தேன், டீச்சர் வேலை பார்த்தேன், ஓய்வும் பெற்றாயிற்று. இப்போது பம்பாயிலேயே திலக் நகரில் என் வீட்டுக்கு மேல்மாடியில், இதே மாதிரி விழுந்துவிட்ட ஒருவரைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஷிப்டில் ஆயாக்கள் வந்துபோகிறார்கள். சேலையின் இரு முனையைப் பிடிக்க வீட்டாள் யாரும் வேண்டியதில்லை. தாராவியில் எங்கள் கோலி இருந்த இடத்தில் லிப்ட் வைத்த கட்டடம் நிற்கிறது, அந்தத் தோல் பட்டறையும் இல்லை.

அம்மாவும் போய்விட்டாள். "அவுக ஆசைப்பட்ட மாதிரியே இங்கனயே கண்ண மூடுனாவ, அந்த மட்டுக்கும் அவுகளுக்கு நான் கொற வைக்கல" என்று கடைசிவரை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன், வந்தவர்களுக்குச் சாயா ஆற்றிக்கொண்டு.