வண்டி பழக்கிய அக்கா

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அக்கா வாழ்ந்த அகரம் வீட்டுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோரையும் தங்கை என்ற முறையில் கைகூப்பி வரவேற்கிறேன். கண்ணீரோடு யாரும் இந்த நினைவு மலரைப் படிக்க வேண்டாம். அக்காவுக்கு அது பிடிக்காது.

நத்தத்துக்குப் பக்கத்தில், புளியந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊரில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அப்பா தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துப் புளி விற்றவர். அம்மா சீக்கிரமே காலமானதால், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு எனக்கும் தம்பிக்கும் சமைத்துப் போட்டார் அக்கா. அப்பாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் தானே போய்வருவார். எங்கள் ஊரில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் வண்டி ஓட்டியதில்லை.

அகரத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகு அக்காவின் கண்ணில் ஒன்று பட்டது. பூவும் காய்கறியும் விளைவது இங்கே, விலை போவது திண்டுக்கல்லில். ஆண்கள் மில் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். மல்லிகையைப் பறித்துக் கட்டிக்கொண்டு பெண்கள் ரோட்டோரம் காத்து நிற்பார்கள். ஷேர் ஆட்டோக்கள் நிறைந்தே வரும். மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் காலை விலை இறங்கியிருக்கும். நாமே ஓட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்ட அக்கா, அத்தானிடம் சொல்லி ஸ்கூட்டர் ஒன்று வாங்கவைத்து, அறுவடை முடிந்த சோளக்காட்டில் பெண்களுக்குப் பழக்கத் தொடங்கினார். லைசென்ஸ் எடுக்காமல் ரோட்டில் ஏறக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு.

அக்காவின் மாமியாரான எங்கள் அத்தைக்கு இது துளியும் பிடிக்கவில்லை. ஊரார் வீட்டுப் பெண்கள் கையைக் காலை உடைத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். கொஞ்ச காலம் அக்காவோடு பேசவே இல்லை. சோற்றுக்கு என்ன வெஞ்சனம் வைப்பது என்பதைக்கூட அத்தான் மூலமாகத்தான் சொல்லியனுப்புவார்.

அத்தை பயந்தபடியே ஒருநாள், அக்காவிடம் பழகிக்கொண்டிருந்த பூக்காட்டு ஜெயக்கொடி வண்டியோடு வாய்க்காலில் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, சேலையெல்லாம் சேறு. அவரைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் கணவர் வாசலில் நின்று சத்தம் போட்டார். அக்கா தலைகுனிந்து நின்றார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். உள்ளேயிருந்து அத்தை வந்ததும், இவரும் சேர்ந்து திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஏலே, நீ சைக்கிள் பழகுறப்ப எம்புட்டு வாட்டி எங்க வேலியில விழுந்த? ஒங்காத்தா யாரு வாசல்ல போயி நின்னா?" என்றார் அத்தை.

சேற்றுச் சேலையோடு நின்ற ஜெயக்கொடிதான் முதலில் சிரித்தார். பிறகு அவர் கணவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே ஜெயக்கொடி பூக்கூடையோடு தனியாக மார்க்கெட் போய்த் திரும்பினார். நத்தத்திலிருக்கும் மகள் வீட்டுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அத்தை, அதை விட்டுவிட்டு அக்காவின் பின்னால் ஏறி உட்காரத் தொடங்கினார்.

பிறகு தாடிக்கொம்பு பக்கமிருந்து மில் பெண்கள் வந்தார்கள், நர்சுகள் வந்தார்கள். கான்வென்ட் சிஸ்டர்கள் இருவர்கூட வந்து, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே பழகிப் போனார்கள்.

புற்றுநோய் வந்து படுத்தபோதும் அக்கா முகம் வாடவில்லை. முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த தோழிகளுக்கும், அன்போடு பார்த்த டாக்டர், நர்சுகளுக்கும், அருகிலிருந்து நகராத அத்தானுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

மருமகளின் தலைமாட்டிலேயே இருந்த அத்தைக்கும் இதில் நன்றி எழுதப்போவதாகச் சொன்னேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். சற்று நேரம் கழித்து அவராகவே கூப்பிட்டார்.

"அவ பின்னாடி உக்காந்து போறப்ப எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லைன்னு எழுது."

எழுதிவிட்டேன், அத்தை.