கணக்கில் வராத நெய்

என் கணவர் திருவள்ளூர்ப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை என்று சொல்லும் சமையல் செய்தவர். அவர்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த கைங்கரியம் அது. பொங்கல், புளியோதரை, ததியோதனம், விசேஷ நாள் என்றால் அக்காரவடிசல் என்று விடிந்ததிலிருந்து அடுப்பு முன்னால்தான் நிற்பார். பெருமாளுக்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பதால் உப்பும் புளியும் அவருக்குக் கைப்பழக்கம். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்கமாட்டார். எங்கள் வீட்டு அடுப்படிக்கு வாசல் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் அவருக்கு அந்த வலி வந்தது. உச்சிவேளைத் தளிகை முடிந்து வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும். அங்கிருந்து முதுகில் ஏறித் தோள்பட்டையில் போய் நிற்கும். வாந்தி எடுத்தாலும் தணியாது. சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம் என்று தெரிந்ததையெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். வலி தானாக வந்தது, தானாகப் போயிற்று.

வெளியில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊர்ப் பெருமாள் வைத்தியர். தீராத வயிற்றுவலிக்காரர்கள் அமாவாசைக்கு அமாவாசை வந்து கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். அந்த வெல்லத்தோடு நோயும் கரைந்துவிடும் என்பது நம்பிக்கை. அப்படியோர் அமாவாசையன்று பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மடப்பள்ளி வாசலில் இவரை நிறுத்திக் கேட்டாராம்.

"இன்னா சாமி, இங்க வெல்லம் கரைச்சா வவுத்து வலி நின்னுடும்னு சொல்றாங்களே, நெசமா?"

"நின்னுடும்" என்றாராம் இவர், விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. வந்து என்னிடம் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். பிறகு நானும் ஒருநாள் கூட்டம் சேருவதற்கு முன்னால் போய், தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் ஒரு கட்டி வெல்லம் கரைத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் கடைத்தெரு டாக்டரிடம்தான் போனோம். அவர் விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தி, மூச்சை இழு என்றார். இவர் பாதி மூச்சில் துள்ளிவிட்டார். பித்தப்பைக் கோளாறு, கல்லாகத்தான் இருக்கும், நாளாக ஆக அறுத்து எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். அதுவரைக்கும் பத்தியம். முட்டை கூடாது, மீன் கூடாது, மட்டன் கூடாது என்று ஆரம்பித்தவர், எங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேணாம். நெய், எண்ணெய், வெண்ணெய், தேங்காய், வறுத்தது, பொரிச்சது எதுவும் வயித்துக்குள்ள போகக் கூடாது சாமி. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடுங்க" என்றார்.

அறுத்து எடுப்பது என்றதும் இவருக்கு வலியைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. கத்தி பட்ட உடம்போடு மடப்பள்ளிக்குள் போகலாமா, கூடாதா? கூடாது என்றால் கைங்கரியம் பங்காளி கைக்குப் போய்விடும். அதற்குமேல் தான் உயிரோடு இருந்து என்ன பயன் என்று நினைத்தார் அவர். சாஸ்திரம் தெரிந்த ஒரு பெரியவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். அவரிடம் போய்க் கேட்டார். பெரியவர், "பார்த்துச் சொல்றேன்" என்றார். மறு மாதம் கேட்டபோதும் பார்த்துச் சொல்வதாகவே சொன்னார். ஆகவே எங்களுக்கு இருந்த ஒரே வழி பத்தியம்தான். கத்தி வராமல் காப்பது என் கரண்டி பொறுப்பு என்று ஆயிற்று.

நான் அதை ஒழுங்காகச் செய்தேன். இதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது. எங்கள் வீட்டில் சாத்துமுது என்று சொல்லும் ரசத்துக்கு வெறும் இரும்புக் கரண்டியைத் தணலில் காட்டிக் கடுகை வெடிக்க வைக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு நொடி தப்பினால் கருகிவிடும். புடலங்காய், பீர்க்கங்காய், சுரைக்காய் எல்லாம் வேகவைத்து உப்புப் போட்டதோடு சரி. தேங்காய் வீட்டுக்குள் வருவது நின்றது. பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஏடு முழுக்க எடுத்துவிட்டுத்தான் அவருக்குத் தயிர் தோய்ப்பேன். எடுத்த ஏட்டை வீணாக்க முடியாதே. அது வெண்ணெயாகி, நெய்யாகி, குழந்தைகளுக்கும் எனக்கும் போயிற்று.

அவரும் முணுமுணுக்காமல் சாப்பிட்டார். ஆனால் வலி நிற்கவில்லை. டாக்டர் ஒவ்வொரு தடவையும், "வீட்டுல என்ன சமைக்கிறீங்கம்மா?" என்று என்னைத்தான் கேட்டார், திருடியை விசாரிக்கிற மாதிரி. நானும் கடுகு வெடிக்கிறதுவரை சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வருவேன். எனக்கு அவமானமாக இருந்தது. கடைசியில் அவர், பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிடலாம், உண்மை தெரிந்துவிடும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்த எக்ஸ்ரேவுக்கு முந்தின நாள் சாயங்காலமே, பித்தப்பை படத்தில் தெரிவதற்காகக் கொடுத்த மாத்திரைகளை விழுங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஆகாரம் எதுவும் கூடாது. அன்று ராத்திரிப் பூஜையில் அவருக்கு உரிய பங்காக வந்த பொங்கலை அதனால் தொட முடியவில்லை. வெளியில் எங்கும் கை நனைக்காத மனிதர், படமெடுத்த பிறகு பசிக்குமே என்று அதைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டு எடுத்துக்கொண்டேன். பிரசாதத்துக்குப் பழையது என்ற தோஷம் கிடையாது. முதல் ரயிலில் ஏறிப் போனோம்.

வெறும் வயிற்றில் ஒரு படம் எடுத்தார்கள். பிறகு எக்ஸ்ரே அறை ஆள் வெளியே வந்து, "சாமி, இப்ப ரெண்டு முட்டை துண்ணுட்டு வா. அப்பால இன்னொரு படம் புடிக்கணும்" என்றார். இவர் முகம் போன போக்கைப் பார்த்து, "சரி, வாணாம். நெய்யி வெண்ணெ இன்னா இருந்தாலும் துண்ணுக்கினு வா. கொழுப்பு உள்ள போனாத்தான் அந்தப் பை சுருங்குதா இன்னான்னு பாக்க முடியும்" என்றார்.

தூக்கைத் திறந்தேன். தை மாதக் குளிர். பொங்கலின் மேல் நெய் வெள்ளையாக உறைந்து நின்றது. அந்த ஆள் எட்டிப் பார்த்து, "அட சாமி, இத்த வெச்சிக்கினா முட்டைக்கு யோசிச்சிக்கினு இருந்த?" என்றார். அவர் சிரித்த சத்தத்தில் உள்ளேயிருந்து டாக்டர் வந்துவிட்டார். அவரும் பார்த்தார்.

"நெய்யே சேர்க்கறதில்லைன்னு சீட்டுல எழுதியிருக்கே?"

"சேர்க்கறதில்லை" என்றார் என் கணவர்.

"அப்ப இது?"

"இது பிரசாதம்."

"தினமும் உண்டா?"

"பெருமாளுக்கு தினமும் உண்டே."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தூக்கைப் பார்த்தேன். கோயிலில் எல்லாம் முடிந்ததும் தன் பங்கை அங்கேயே உட்கார்ந்து உண்டுவிட்டுத்தான் அவர் வீட்டுக்கு வருவார், கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் அது வயிற்றுக்குள் போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவரும் பொய் சொல்லவில்லை, நானும் மறைக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் சாப்பாடு வேறு, பிரசாதம் வேறு. தணலில் கரண்டியைப் பிடித்துக் கையைச் சுட்டுக்கொண்ட நாளெல்லாம் ஞாபகம் வந்து எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது? பெருமாள்மேல் பட முடியாது.

படத்தில் மொச்சைக்கொட்டை மாதிரி கற்கள் தெரிந்தன. டாக்டர் நிதானமான மனிதர். கல்லை நெய் உண்டாக்குவதில்லை, இருக்கிற கல்லை உசுப்பிவிடுகிறது என்று விளக்கினார். ஆப்பரேஷன்தான் சரியான வழி. அதற்கு மனசில்லை என்றால் கொழுப்பை முழுக்க நிறுத்த வேண்டும், ஜுரமோ மஞ்சள் காமாலையோ வந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும் என்றார்.

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது, கீழேயும் போட முடியாது. ஆகவே அன்றிலிருந்து என் கணவர் தன் பங்கில் ஒரே ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். குழந்தைகள் கொஞ்ச நாளிலேயே அலுத்துப்போய் ஓடிவிட்டார்கள். எனக்கு அலுக்கவில்லை. பொங்கல் பிரமாதமாக இருக்கும். பாலேட்டு நெய் ஒரு பக்கம், கோயில் நெய் ஒரு பக்கம், நான் நன்றாகப் பெருத்தேன். அவருக்கு வலி படிப்படியாக நின்றது. பெருமாள் குணப்படுத்திவிட்டார் என்று அவர் சொன்னார். அதில் பெருமாளோடு எனக்குப் போட்டியில்லை.

எழுபதுகளில், பெரிய பெண் வயதுக்கு வந்த பிறகு, வலது விலாவுக்குக் கீழே எனக்குப் பிடித்தது. வலி தோள்பட்டைக்கு ஏறுவதற்குள்ளேயே இன்னது என்று தெரிந்துவிட்டது. நெய்யைத் தின்றதால்தான் வந்தது என்று சொல்லமாட்டேன். பிள்ளை பெற்ற, நாற்பதை நெருங்குகிற பெண்களுக்குத்தான் இது அதிகம் வரும் என்று பிறகு சொன்னார்கள். கற்கள் எனக்குள்ளும் ரொம்ப நாளாகவே இருந்திருக்கலாம். இந்த முறை ஜுரமும் வந்தது, கண்ணும் மஞ்சளாயிற்று. அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். உடனே ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் வாயெடுத்தார். அவர் முடிப்பதற்குள், "பண்ணிடுங்கோ" என்றார் என் கணவர்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அது எனக்கும் தெரிந்தது. ஆனாலும் சுருக்கென்றது. தன் உடம்புக்குக் கத்தி என்றதும் பெரியவர் வீட்டுக்கு மாதாமாதம் நடந்தவர். என் உடம்புக்கு யாரையும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுப் பூஜையிலும் ஒரு பெருமாள் இருக்கிறார். அவருக்குத் தளிகை செய்கிறவள் நான்தான்.

விலாவோரம் நீளத் தையலோடு வீடு திரும்பினேன். அதுவரை வீட்டைப் பார்த்துக்கொண்ட என் அக்கா ஊருக்குக் கிளம்பிப் போனாள். பெரிய பெண் வீட்டுக்கு விலக்கு, மூன்று நாள் அடுப்படிக்குள் வர முடியாது. அன்று ஏகாதசி, அவர் பட்டினி; மறுநாள் காலையில் சாப்பிட்டு விரதத்தை முடிக்க வேண்டும். சாயங்காலம் என் படுக்கையருகே வந்து நின்று மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்குத் துவாதசி. தளிகை எத்தனை மணிக்கு ஆகும்?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தையல் இழுக்க எழுந்து உட்கார்ந்தேன்.

"கத்தி பட்ட உடம்பு. அடுப்படிக்குள்ள வரலாமான்னு அந்தப் பெரியவரைக் கேட்டுண்டு வாங்கோ. அவர் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் வரேன்."

அவர் பெரியவர் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் கோயிலுக்குப் பங்காளியை அனுப்பிவிட்டு, ஈர வேஷ்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு அடுப்படிக்குள் போனார். மிளகு எங்கே, கடுகு எங்கே, கரண்டி எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் படுத்தபடியே சொன்னேன். கோயில் கைக்குச் சின்னப் பாத்திரம் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் ஒரு தெருவுக்கே ஆகிற அளவு சாத்துமுது கொதித்தது. நெய் இல்லாமல் வெறும் கரண்டியில் அவர் கடுகு வெடிக்க வைக்கும் வாசனை கூடம்வரை வந்தது.

வீட்டுப் பெருமாளுக்குக் காட்டிவிட்டு என் தட்டில் குழைந்த சாதம் போட்டு, சாத்துமுதை ஊற்றினார். ஊற்றிவிட்டு நகரவில்லை. நான் ஒரு வாய் சாப்பிடுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

இத்தனை வருஷம் சமைத்தவருக்கு அதை யாரிடமும் கேட்க வேண்டியிருந்ததில்லை. பெருமாளும் அவரிடம் ஒன்றும் சொன்னதில்லை.

"கடுகு கருகிடுத்து" என்றேன்.