பதினான்காவது கேள்வியின் திருத்தம்

என் விடுதி அலமாரியின் அடித்தட்டில் ஒரு பரீட்சை அட்டை இருக்கிறது. ஒரு மூலை தண்ணீர் பட்டு உப்பியிருக்கும், கிளிப்பில் துரு. டிப்ளமோ கடைசித் தேர்வுக்காகச் சித்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே வாங்கியது. அதில் இரண்டு தாள்கள் இன்னும் செருகியபடியே இருக்கின்றன. இரண்டிலும் அதே இருபத்திரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவது தாளில், பதினான்காவது கேள்விக்கு நான் போட்டிருந்த டிக்கை ஒரு பென்சில் கோடு அடித்திருக்கிறது. அந்தக் கோடு என்னுடையதல்ல. அதைப் போட்ட அக்காவுடன் நான் கழித்தது ஒரே ஒரு முற்பகல்.

அப்போது நான் திருப்பதிக்குக் கிழக்கே ஒரு தொழிற்சாலையில் ஓராண்டு வேலை பார்த்து முடித்திருந்தேன். போன்களுக்குள் பொருத்தும் சர்க்யூட் பலகைகளைச் சோதிப்பது என் வேலை. பற்றவைப்பு சரியா, கீறல் உண்டா, எண் தெரிகிறதா என்று வரிசையாகப் பார்த்து டிக் போட வேண்டும். ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு எங்கள் தாளில் இடம் கிடையாது. தெரியாவிட்டால் அது பழுது, அவ்வளவுதான். இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு பெட்டியில் ஒரு பழுதுகூட இல்லை என்று தாள் வந்தால், அந்தப் பெட்டியைப் பிரித்து மறுபடி சோதிப்போம். சோதித்தவர் பலகையைப் பார்க்காமலே டிக் போட்டிருக்கலாம் என்பது கணக்கு. இந்த வழக்கத்தை நான் மறந்துபோன ஒரு வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திருப்பதியில் ஒரு பொறியியல் கல்லூரியில் கிடைத்த சீட்டை நான் போனில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் அது அடுத்தவருக்குப் போய்விடும். வேலூர் எல்லையை ஒட்டிய குடிபாலாவில் எங்கள் தெரு முழுக்க ‘பொண்ணு இஞ்சினீரு’ என்று என் அப்பா, நைனா, சொல்லி முடித்திருந்தார். அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. கொஞ்சம் நிலம் கைக்கு வந்தது நைனா காலத்தில்தான். அந்தச் சொல்லை அவர் எவ்வளவு ஆசையாக உச்சரித்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் மனத்தில் வேறொரு கல்லூரி புகுந்திருந்தது. காணிப்பாக்கம் போகும் சாலைக்குப் பக்கத்தில் மிகச் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. வகுப்புக்கு இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள். எலக்ட்ரானிக்ஸும் படிக்கலாம், கூடவே சரித்திரமும் மொழியும் படிக்கலாம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, தொழிற்சாலையில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள் நான். பலகை பழுதா இல்லையா என்று ஓராண்டு பார்த்த பிறகு, இது எங்கே போகிறது, யாருக்காகப் போகிறது என்று கேட்கவும் ஆசை வந்திருந்தது.

“அது இன்னா பாப்பா ஆர்ட்ஸு? படம் போடறதா?” என்றார் நைனா.

“எல்லாம் சேத்துப் படிக்கிறது நைனா. பாக்கறதுக்குத்தான போறோம்.”

“பாரு. வர்ற வழியில காணிப்பாக்கத்துல சாமியும் பாத்துடலாம்.” சாமிக்காகத்தான் சம்மதித்தார்.

திங்கட்கிழமை பொறியியல் கல்லூரியைப் பார்த்தோம். கண்ணாடி பதித்த கட்டடம், வாசலில் செயற்கை நீரூற்று. எங்களைச் சுற்றிக் காட்டிய அலுவலர் நான் கேள்வியை முடிப்பதற்குள் “உந்தம்மா, அன்னி உன்னாயி” என்று தெலுங்கில் உறுதி சொன்னார். உண்டு, எல்லாமே உண்டு. ஆய்வகத்தில் மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்புகள் வரிசையாக, பளபளவென்று. ‘புதியவை’ என்று எழுதி அருகில் ஒரு நட்சத்திரமும் போட்டேன். இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. நைனா திரும்பி வரும்போது பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமும் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை சிறிய கல்லூரி. வாசலில் எங்களுக்காக ஒரு மூன்றாமாண்டு அக்கா காத்திருந்தார். ஈரத் தலைமுடி, கையில் சாவிக்கொத்து.

“ஆபீஸ்ல எல்லாரும் மீட்டிங்ல கீறாங்க. நான்தான் காட்டணும். தமிழா, தெலுகா?”

“தமிழ்தான் கா. குடிபாலா.”

“அப்போ வேலூருன்னே சொல்லிடு. நான் சாந்திபுரம்.” பிறகுதான் என் அட்டையைப் பார்த்தார். “இன்னாடி இது, பொண்ணு பாக்க வந்தவங்க மாரி லிஸ்ட்டு வெச்சிக்கினு வந்துகீற?”

“கேக்கலாமா கா?”

“கேளு, கேளு. பொண்ணுக்குப் பாட வருமான்னு மட்டும் கேக்காத.”

முதல் கேள்வி, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்பது. அவர் யோசித்தார். அன்றுவரை அந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. “தெரியாது. போன வருசம் போனவங்கள்ல ரெண்டு பேரு மேல படிக்கறாங்க. ஒருத்தி ஒரு பத்திரிகைல கீறா. ஒருத்தி வூட்ல கீறா. மத்தவங்களப் பத்தி தெரியாது. நானே தேடிக்கினுதான் கீறன்.”

நைனா தொண்டையைச் செருமினார். நான் ‘இல்லை’ கட்டத்தில் டிக் போட்டேன்.

சாப்பாடு எப்படி என்றதற்குத் “திங்கக்கெழம நல்லா இருக்கும்” என்றார். விளையாட்டுத் திடல்? வேர்க்கடலை விதைத்திருந்த பக்கத்து நிலத்தைக் காட்டி, “அறுவட முடிஞ்சா குடுப்பாங்க” என்றார். ஆய்வகத்தில் ஒரே ஒரு பழைய ஆசிலாஸ்கோப். அதன் திருகுக் குமிழ் ஒன்று உடைந்து, அந்த இடத்தில் மிக்ஸியின் திருகு பொருத்தியிருந்தது. மேசை விளிம்பெல்லாம் பற்றவைப்புக் கோல் சுட்ட கறுப்புத் தழும்புகள். ‘பழையது. சேதம்’ என்று எழுதினேன். ஒவ்வோர் ‘இல்லை’யையும் அந்த அக்கா ஒரு வருத்தமும் இல்லாமல், மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

கிளம்பும்போது நைனா சிரித்துக்கொண்டே, “இவ்ளோ எழுதிக்கினா. நீ சொன்னதெல்லாம் காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணுவியாம்மா?” என்றார். எங்கள் பக்கத்தில் அது பாதி கேலி, பாதி மிரட்டல். வரப்புத் தகராறு முற்றினால் அந்தக் கோயில் குளத்தில் குளித்துவிட்டு வந்து சாமி முன்னால் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியத்துக்குப் பயந்து பாதி வழியிலேயே உண்மையை ஒப்புக்கொண்டு திரும்பியவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

“பக்கத்துலதான கீது பெரிப்பா, நடந்தே வரேன்” என்றார் அக்கா.

பேருந்து நிறுத்தத்தில் கூட்டிப் பார்த்தேன். ‘தெரியாது’களையும் ‘இல்லை’யில் சேர்த்ததில், இருபத்திரண்டுக்குப் பதினொன்று. “ஆவாது நைனா” என்றேன். எனக்கே வருத்தமாக இருந்தது. ஆனால் தாள் தாள்தான். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நான் அப்பவே சொல்லல?”

அப்போதுதான் அந்த அக்கா ஓடி வந்தார். துப்பட்டா ஒரு பக்கம் தரையைத் தொட, மூச்சு வாங்க, கையில் ஒரு பென்சில்.

“அந்த வைஃபை கேள்வி எங்க கீது? குடு.” விரலால் தேடிப் பதினான்காவதில் நிறுத்தினார். “ஹாஸ்டல்ல வருதுன்னு சொல்லிட்டேன். மழ பேஞ்சா ரெண்டு நாளுக்கு வராது. பெரிப்பா சத்தியம்னு கேட்டாரா, மனசு கேக்கல.” என் டிக்கை அடித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் ஒன்று போட்டார்.

“ஏற்கெனவே பாதிதான் கா” என்றேன்.

“அப்போ இன்னொரு மார்க் கொறச்சிக்கோ” என்று சிரித்தார். எங்கள் பேருந்து வந்துவிட்டது. ஏறித் திரும்பிப் பார்த்தபோது, துப்பட்டாவை உதறிக்கொண்டு வெயிலில் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

காணிப்பாக்கத்துக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் இரண்டு தாள்களையும் மடியில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். திருப்பதித் தாள், பழுதே இல்லாத பெட்டி. தொழிற்சாலையில் அப்படி ஒரு தாள் வந்திருந்தால் நான்தான் முதல் ஆளாகக் கத்தியெடுத்துப் பெட்டியைப் பிரித்திருப்பேன். திருப்பதி ஆய்வகம் கண்முன் வந்தது. அந்த ஆசிலாஸ்கோப்புகளின் திரைகளில், கடையிலிருந்து வரும்போது ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படவே இல்லை. தாளின்மேல் தூசி. ஒன்றின் பின்புறம் ஒட்டியிருந்த சீட்டில் தயாரித்த ஆண்டைக்கூடப் பழக்கதோஷத்தில் படித்திருந்தேன். நான் டிப்ளமோ சேர்ந்ததற்கும் முந்தைய ஆண்டு. அத்தனை காலம் யாரும் தொடாத கருவியைப் புதியது என்று எழுதி நட்சத்திரம் போட்டிருக்கிறேன். மிக்ஸித் திருகு வைத்தாவது தினமும் ஓட்டுகிற கருவியைச் சேதம் என்று எழுதியிருக்கிறேன். பலகைகளைச் சோதிக்கத் தெரிந்த எனக்கு, சோதனையையே சோதிக்க வேண்டும் என்பது உறைக்கவில்லை.

கோயில் வரிசையில் நின்றுகொண்டு, “நைனா, நான் இங்கியே சேர்றேன்” என்றேன்.

“இப்போதான ஆவாதுன்ன?”

“கணக்கு தப்பு. நான்தான் தப்பாப் போட்டேன்.”

வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை, பின்னால் இருந்தவர் தோளைத் தட்டிய பிறகே அடி எடுத்து வைத்தார். “தெருவுல இன்னான்னு சொல்றது?” என்று ஒருமுறை கேட்டார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. சன்னிதி தெரிகிற இடத்துக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார். “அங்க படிச்சா நல்ல வேல கெடைக்கும்னு, இந்தச் சாமி முன்னால சத்தியம் பண்ணு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

ஒரு சொல் போதும். அதை வைத்துக்கொண்டு அவர் ஊரையே சமாளித்துவிடுவார்.

“மாட்டேன் நைனா. அது எனக்குத் தெரியாது. ஒழுங்கா படிப்பேன்னு வேணும்னா பண்றேன்.”

“அந்தப் பொண்ணு மாரியே பேசற” என்றார். பிறகு உண்டியலுக்கு நேராகப் போய்க் கும்பிட்டார். சத்தியம் எதையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஐந்தைத் தாண்டி ஐந்து நிமிடம் ஆனதும் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். இஞ்சினீர் சீட்டு என்னாயிற்று என்று கேட்ட எதிர்வீட்டுக்காரரிடம், “எம்பொண்ணு வாணாம்னுட்டா” என்று அவர் சொன்னது உள்ளேயிருந்த எனக்குக் கேட்டது. கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

நான் சேர்ந்தபோது அந்த அக்கா படிப்பை முடித்துப் போயிருந்தார். பெங்களூரில் மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பதாக ஒருமுறை செய்தி வந்தது. இப்போது நான் மூன்றாமாண்டு. இரண்டு நேர்காணலுக்குப் போய் வந்தேன், பதில் வரவில்லை. வரும் சனிக்கிழமை கல்லூரி பார்க்க வருகிறவர்களை நான் சுற்றிக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் இந்த அட்டையைத் தேடி எடுத்தேன். இரண்டாவது தாளில், ‘இல்லை’க்கு அடுத்து மூன்றாவதாக ஒரு கட்டம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்பில் ‘தெரியாது’ என்று எழுதினேன். முதல் கேள்வியின் டிக்கை அந்தக் கட்டத்துக்கு மாற்றினேன்.

விளையாட்டுத் திடலை ‘உண்டு’க்கு மாற்றினேன், வேர்க்கடலை நிலத்தைக் கல்லூரி வாங்கிவிட்டது. மிக்ஸித் திருகுக்கு எதிரே, மூன்றாண்டு தாமதமாக, ஒரு நட்சத்திரம். பதினான்காவதை மட்டும் தொடவில்லை. முந்தாநாள் மழை பெய்தது. வைஃபை இன்னும் வரவில்லை.