சும்மாட்டுக்குள்ள வெச்ச மனு

புதுசா வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு உங்க அனுபவத்தச் சொல்லுங்க பாக்கியம்மான்னு யூனியன்ல கேட்டாங்க. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல ஒரு பொண்ணு எழுதிக்கிறா. பாவம், அவ டீ ஆறிப்போச்சு.

வடக்க, துவாரகாவுல ஒரு அடுக்குமாடி சொசைட்டியில இருபது வருஷமா வேலை பாக்கறேன். அன்னைக்குக் காலையில நானும் செல்வியும் கேட்டுக்குப் போறோம். உள்ள விடற கார்டை மெஷின்ல வெச்சா எனக்குப் பச்சை, அவளுக்குச் செவப்பு. செல்வி எங்க சந்துப் பொண்ணு, ஏழு மாசம் முழுகாம இருக்கா. காவக்காரப் பையன் தலையச் சொறிஞ்சுக்கிட்டே, பிளாக் பண்ணச் சொல்லிட்டாங்கன்னான். என்ன குத்தம்? வேலைக்காரங்க லிப்ட் ரிப்பேர்ல கெடக்கு. இவ வயித்தத் தூக்கிக்கிட்டு ஒம்போது மாடி ஏற முடியாம வீட்டுக்காரங்க லிப்ட்ல ஏறிட்டா. அதுல நாய் போகும். நல்ல நாய்தான், எனக்கு வாலாட்டும், அதக் கொறை சொல்லல. நாலு வீட்டு வேலையும் ஒரே நாள்ல போச்சு அவளுக்கு.

பிளாக் பண்ணது செகரட்டரி வசந்தா மேடம். தமிழ்க்காரங்கதான். அவங்க வீட்டுலயும் நான்தான் பாத்திரம் தேய்க்கிறேன். கேட்டுப் பாத்தேன். ரூல்னா ரூல்தான் பாக்கியம்னு சொல்லிட்டு, புளி ஊறப் போடச் சொன்னாங்க.

யூனியன்லேர்ந்து சுனிதா தீதி வந்தாங்க. ஹிந்திக்காரங்க, தீதின்னா அக்கா. எல்லாரும் கூடிப் பேச எடம் வேணும். பார்க்குல உக்காந்தா வெரட்றாங்க. நான் நம்ம முருகன் கோயில் தலைவர்கிட்ட போனேன். ரிட்டயர்டு கவர்மெண்ட் ஆபீசர். ரெண்டு நாள் யோசிச்சுட்டு, "புள்ளத்தாச்சிய மாடி ஏற விடறது பாவம். ஹால எடுத்துக்குங்க. ஆனா அப்ளிகேஷன் மூணு காப்பி. கோஷம் கூடாது, அரோகரா மட்டும்தான்"னாரு.

தீதி அரோகராவ ஜல்தியா கத்துக்கிட்டாங்க. ஆனா முஷ்டிய மடக்கி மேல தூக்காம அவங்களுக்குச் சொல்ல வராது. குருக்கள் தட்டோட ரெண்டடி பின்னால போயிட்டாரு. அப்புறம் எங்க பொம்பளைங்க எல்லாருமே அப்படித்தான்.

பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் வருஷா வருஷம் அந்த சொசைட்டி கேட்டு வழியாத்தான் போகும். வசந்தா மேடம் மஞ்சத்தண்ணி வெச்சுக்கிட்டு நின்னு, குடம் தூக்கறவங்க காலைக் கழுவி விழுந்து கும்புடுவாங்க. அங்க வெச்சு தலைவரும் தீதியும் சேந்து மனுவக் குடுக்கறதுன்னு முடிவாச்சு. எங்க எல்லாரோட கைநாட்டும் இருக்கற மனு. பத்திரமா வெச்சுக்க யாரு? நான்தான்.

செல்விக்காக நானும் குடம் எடுத்தேன். கையில வெச்சா கசங்கும், இடுப்புல சொருகினா நழுவும். அதனால சும்மாட்டுத் துணிக்குள்ள மனுவ மடிச்சுச் சுருட்டி, தலையில வெச்சு, அது மேல குடத்த ஏத்திட்டேன்.

கேட்டு வந்தாச்சு. மேடம் தலைய நிமித்தாமலே என் காலைக் கழுவி, மஞ்ச பூசி, ரோட்டுல விழுந்து கும்புடறாங்க. தலைவர் பக்கத்துல வந்து மனு எங்கன்னு மெதுவாக் கேட்டாரு. நான் கண்ண மேல காட்டினேன். அவரு வானத்தப் பாக்கறாரு. கோயிலுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் குடத்த எறக்கக் கூடாது. மேடம் எந்திரிச்சா அடுத்த குடத்துக்குப் போயிடுவாங்க. செல்வி ஓரமா நின்னு என்னையே பாக்கறா. எனக்கு வேற வழி தெரியல.

"செல்வி கார்டைத் தொறந்து விடு தாயி. அவள லிப்ட்ல ஏற விடு."

இருபது வருஷத்துல மேடத்த நான் நீன்னு கூப்பிட்டதில்ல. பதட்டத்துல வந்துடுச்சு. கூட்டம் மொத்தமும் சாமி வந்துடுச்சுன்னு கன்னத்துல போட்டுக்கிச்சு. தீதி முஷ்டியத் தூக்கி அரோகரான்னாங்க. மேடம் விழுந்த எடத்துலயே "சரிம்மா"ன்னாங்க.

சாமியெல்லாம் வரல. தலையில குடம், கழுத்துல வலி, அவ்வளவுதான்.

தலைவர் அதோட விடல. வாயால சொன்னது சொசைட்டி மினிட்ஸ் நோட்டுல ஏறாதுன்னுட்டாரு. மனுவ எடுத்துப் பாத்தா பால்ல ஊறி அப்பளம் மாதிரி இருக்கு. புதுசா எழுதி, எல்லாரும் மறுபடி கைநாட்டு வெச்சு, தலைவரும் தீதியும் சாயந்திரமே சொசைட்டி ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனாங்க. எல்லா லிப்ட்டும் எல்லாருக்கும்னு நோட்டீஸ் ஒட்ட வெச்சுட்டுத்தான் வந்தாங்க. செல்வி கார்டு பச்சையாச்சு.

அடுத்த வாரம் லிப்ட்ல நானும் செல்வியும் போறோம், மேடமும் ஏறினாங்க. ரெண்டு மாடி போச்சு. அப்புறம், "பாக்கியம், அன்னைக்கு நெஜமாவே சாமிதான் வந்துச்சா?"ன்னாங்க.

ஆமான்னு சொல்லச் சொல்லி செல்வி என் கையக் கிள்ளறா. ஆனா மேடம் விழுந்து கும்புட்டிருக்காங்க, அவங்ககிட்ட எப்படிப் பொய் சொல்ல?

"இல்லீங்க. நான்தான் கேட்டேன்."

மேடம் மாடி நம்பர் மாறறதையே பாத்துக்கிட்டிருந்தாங்க. "அச்சா. ஒட்டின நோட்டீஸக் கிழிக்கவா முடியும்"னுட்டு எறங்கிப் போனாங்க.

அதனால பொண்ணுங்களா, கோயிலோ குருத்வாராவோ, எங்க கதவு தொறந்திருக்கோ அங்க யூனியனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. சாமி கேட்டா அன்னைக்கு ஒரு நாள் குடுப்பாங்க. நாம சேந்து கேட்டு நோட்டீஸ் ஒட்ட வெச்சா, தெனமும் லிப்ட்ல போகலாம்.