ஒன்பது இடது கைகள்

சுந்தரபாண்டியன் ஆயுதப்படையில் முப்பத்திரண்டு வருஷம் கவாத்து சொல்லிக்கொடுத்தவர். சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று இலஞ்சியில் சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, வரிசையில் நிறுத்துவதற்கு அவருக்கு ஆள் யாரும் இல்லை. முதல் மாதம் பூந்தொட்டிகளை நிறுத்தினார். பிறகு ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில்களை உயரவாரியாக நிறுத்தினார். வாசலில் செருப்பு ஒன்று சற்றே திரும்பிக் கிடந்தாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. தோப்பில் இருபத்தாறு தென்னைகள் இருந்தன. அவருடைய அப்பா அவற்றைக் கண்டபடி நட்டுவிட்டுப் போயிருந்தார். அதனால் தோப்புப் பக்கம் போவதையே அவர் தவிர்த்து வந்தார்.

மனைவி அனுசியா கிராம சுகாதார நர்ஸ். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிரஷர், சுகர் பார்ப்பாள். ஊரில் எல்லோருக்கும் அவள் நர்சம்மா. இனிப்பு தின்று மாட்டிக்கொண்டவர்களை அவள் திட்டும் திட்டில் சுகர் பாதி தானாக இறங்கிவிடும் என்று சொல்வார்கள்.

ஆனி மாதம் சாரல் தொடங்கியதும் சுந்தரபாண்டியன் துண்டோடு குற்றாலத்துக்குப் போனார். அன்றைக்கு அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. சும்மா திரும்ப மனமில்லாமல் மன்சூரின் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தார். மன்சூர் பழைய பங்களாக்களிலிருந்து கடிகாரம், பீங்கான் தட்டு, விளக்கு என்று வாங்கி வந்து விற்பவர். அங்கே ஒரு கண்ணாடித் தட்டில் கொம்புப் பிடி போட்ட சவரக்கத்தி ஒன்று கிடந்தது. விரித்துப் பார்த்தார். விளிம்பு நேராக இல்லை. சிரிக்கிற வாய் மாதிரி வளைந்திருந்தது.

“என்ன பாய், கத்தி கோணிக் கிடக்கு?”

“கோணல் இல்ல சார். செய்யும்போதே அப்படித்தான் செஞ்சிருக்கான். அதோட பிறவி அது.”

“பிறவியில எல்லாவனும் கோணலாத்தான் வருவான். நாமதான் நேராக்கணும்” என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆன்லைனில் சாணைக்கற்கள் வரவழைத்தார். சொரசொரப்பானது ஆயிரம் நம்பர், நடுத்தரம் மூவாயிரம், கண்ணாடி மாதிரி வழவழப்பது எட்டாயிரம். ஃபோன் வீடியோவில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் சொன்னபடி கத்தி விளிம்பில் மார்க்கர் பேனாவால் மை பூசி, கல்லில் தேய்த்தார். எங்கே கல் படுகிறதோ அங்கே மை அழியும். நடுவில் மட்டும் அழிந்தது. இரண்டு ஓரமும் அப்படியே கறுப்பாக இருந்தன.

“நடுவுல நிக்கவன் மட்டும் முன்னால வாரான். ரெண்டு ஓரமும் லைனுக்கு வரமாட்டேங்கான்” என்று அனுசியாவிடம் சொன்னார்.

“யாரு?”

“கத்தி.”

அவள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். நாலு நாள் தேய்த்தும் வளைவு போகவில்லை. விளிம்பின் நடுவில் கொஞ்சம் தட்டையாகிப் போனதுதான் மிச்சம்.

தேய்ப்பதற்கு முன்னால் கல்லைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஒருநாள் சாயங்காலம் அடுக்களையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருப்பதைக் கண்டு அதில் ஆயிரம் நம்பர் கல்லைப் போட்டார். தண்ணீருக்கு அடியில் இட்லி அரிசி ஊறிக்கொண்டிருந்தது. அதுவும் அவருக்குத் தெரியும். தண்ணீர் எதுவானால் என்ன, கல் ஊறினால் சரி என்று நினைத்தார். பிறகு மறந்துபோனார். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அனுசியா பாத்திரத்தை அப்படியே கிரைண்டரில் கவிழ்த்து சுவிட்சைப் போட்டாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். பெல்ட் அறுந்து, மாவு செங்கல் நிறத்தில் சுவரெல்லாம் தெறித்திருந்தது. சுந்தரபாண்டியன் ஓடிவந்து கிரைண்டருக்குள் கையை விட்டார்.

“கல்லுக்கு ஒண்ணும் ஆவலையே?” என்று கேட்டார்.

அனுசியா நெற்றியிலிருந்த மாவை வழித்தாள். “இனிமே அந்தக் கத்தியோ கல்லோ இந்த வாசப்படியத் தாண்டி உள்ள வரக்கூடாது” என்றாள்.

“வராது.”

உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே பழகியவர். உத்தரவில் வாசப்படி என்றுதான் இருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, உடைந்த கல்லுக்குப் பதிலாக வேறொன்றுக்கும் ஆர்டர் போட்டுவிட்டு, இத்தனை நாள் போகாத தோப்புக்குப் போய் மோட்டார் ஷெட்டில் குடியேறினார்.

ஷெட்டுக்கு முன்னால் நாலு செங்கல்லின் மேல் ஒரு பலகைக் கல் கிடந்தது. அதன்மேல் சாணைக்கல்லை வைத்துத் தேய்க்கும்போது பலகை இப்படியும் அப்படியும் ஆடியது. கத்தியை முன்னால் தள்ளினால் ஒரு பக்கம் இறங்கும், இழுத்தால் மறுபக்கம் இறங்கும். அவருக்கு எரிச்சலாக வந்தது. முட்டுக் கொடுக்க ஓட்டாஞ்சில்லு தேடப்போனவர், போகிற போக்கில் விளிம்பைப் பார்த்தார். மை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுத்தமாக அழிந்திருந்தது.

கத்தி கல்லில் அட்டென்ஷனில் நிற்கக்கூடாது, அடியிலிருந்து நுனிக்கு உருண்டு போகவேண்டும் என்று அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. பலகைக்கு முட்டுக் கொடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஆடுகிற ஒரு பொருளை ஆடட்டும் என்று விட்டார்.

அதற்கப்புறம் வேலை வேகமாக நடந்தது. ஆயிரம், மூவாயிரம், எட்டாயிரம், கடைசியில் பழைய யூனிஃபார்ம் பெல்ட்டில் இருபது இழுப்பு. கூர் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரே வழிதான். கத்தியைத் தோலில் அழுத்தாமல் கையின்மேல் ஓட்டினால் முடி மட்டும் பொலபொலவென்று விழவேண்டும். இடது கை முடி இரண்டு நாளில் தீர்ந்தது. இடது கையால் கத்தியைப் பிடித்து வலது கையையும் தீர்த்தார். அதன்பின் முடி முளைக்கும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை.

பக்கத்து வயல் குத்தாலிங்கம் மோட்டார் போட வந்தார்.

“குத்தாலிங்கம், இடது கைய நீட்டு.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“நீட்டுலே.”

நீட்டினார். இரண்டு இழுப்பில் நாலு விரற்கடை அகலத்துக்கு வழுவழுவென்று ஆனது. குத்தாலிங்கம் கையை மேற்கே தூக்கிக் காட்டினார். மலையிலிருந்து சாரல் காற்று வந்துகொண்டிருந்தது.

“அண்ணாச்சி, காத்து படுதது தனியாத் தெரியுது. ஏசி மாதிரி இருக்கு.”

இதை அவர் சிவசைலத்தின் டீக்கடையில் போய்ச் சொன்னார். மறுநாள் சிவசைலமே வந்தார். இரண்டு வாரத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு ஷெட்டின் முன்னால் ஒன்பது பேர் கூடினார்கள். கூடியவர்களைச் சும்மா நிற்கவிட அவரால் முடியுமா? உயரவாரியாக நிறுத்தினார். அட்டென்ஷன் சொன்னார். ஒருவர் கையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் தலையை வலப்பக்கம் திருப்பி அவரையே பார்க்கவேண்டும். அதற்கு ‘ஐஸ் ரைட்’ என்று பெயர் என்றும் சொல்லிக்கொடுத்தார். ரிட்டயரான பிறகு அவர் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியது அந்த இரண்டு வாரம்தான்.

ஒரே ஒரு கட்டளை. நர்சம்மாவுக்குத் தெரியக்கூடாது. ஒன்பது பேரும் அவளிடம் திட்டு வாங்கியவர்கள் என்பதால் அதை விளக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. சுந்தரபாண்டியன் மட்டும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டார். அனுசியா கேட்டதற்குச் சாரல், குளிருகிறது என்றார்.

ஆனால் பிரஷர் பார்க்கிறவளிடம் கையை மறைக்க முடியுமா? குத்தாலிங்கத்தின் இடது கையில் வழுக்கையைப் பார்த்து அனுசியா கேட்டாள்.

“இது என்ன?”

“அது வந்து, தானாப் போச்சு நர்சம்மா.”

அடுத்த தெருவில் சிவசைலம், டீ ஆவி பட்டுப் போச்சு என்றார். இன்னொருவர் பரம்பரை என்றார். ஒரு வாரத்தில் ஒன்பது இடது கைகள். எல்லாம் ஆண்கள், எல்லாம் ஒரே இடம், ஒரே அகலம். அவள் நோட்டில் எழுதி, படம் போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அறிக்கை அனுப்பினாள். அன்று சாப்பிடும்போது கணவரிடமும் சொன்னாள்.

“ஒன்பது பேருக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாக்கேன். எல்லாரும் சிவசைலம் கடையிலதான் டீ குடிக்காங்க. நீங்க போலீஸ்தான, என்னவா இருக்கும்னு சொல்லுங்க.”

“நான் கவாத்து” என்றார் சுந்தரபாண்டியன். “கிரைம் பாத்ததில்ல.”

டீயில் ஏதோ கலப்படம், குடித்தால் முடி கொட்டுகிறது என்று செய்தி பரவியது. ஆண்கள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே கடையைக் கடந்து போனார்கள். மூன்றாம் நாள் சிவசைலம் ஷெட்டுக்கு வந்தார்.

“அண்ணாச்சி, கடையில ஈ கூட வரல. நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?”

“நாளைக்கு நானே சொல்லுதேன்.”

ராத்திரி பலமுறை தொண்டையைச் செருமினார். அனுசியா இருமல் மருந்து கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நூலக வராந்தாவில் முகாம். அறிக்கையைப் பார்த்துவிட்டு டாக்டர் அபர்ணா வந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. தோலைச் சுரண்டி எடுத்து வைக்கக் கண்ணாடித் தகடும், டீத்தூள் எடுத்துப்போகப் பாட்டிலும் மேசைமேல் இருந்தன.

“ஆளுங்களக் கொஞ்சம் வரிசையா நிக்க வைங்க” என்று அனுசியா கணவரிடம் சொன்னாள்.

அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவரைக் கண்டதும் ஒன்பது பேரும் உயரவாரியாக, இடது கையை நீட்டிக்கொண்டு, பிசகில்லாமல் நின்றார்கள். டாக்டர் ஒருகணம் அவர்களை ஆச்சரியத்தோடு பார்த்தார். பிறகு லென்ஸை எடுத்துக் குத்தாலிங்கத்தின் கையைப் பார்த்தார். அடுத்த கையையும் பார்த்தார்.

“சிஸ்டர், இது உதிர்ந்த முடி இல்ல. சிரைச்ச முடி. இங்க பாருங்க, அவ்வளவும் ஒரே மட்டம். சாதாரண பிளேடுல இவ்வளவு சுத்தமா வராது.” நிமிர்ந்து கேட்டார். “யாரு செஞ்சது?”

ஒன்பது தலையும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் திரும்பின. அங்கே சுந்தரபாண்டியன் நின்றுகொண்டிருந்தார்.

அவர் குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார். “எட்டாயிரம் நம்பர் கல்லு, மேடம்” என்றார்.

அனுசியா வந்து அவருடைய சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றி மேலே சுருட்டினாள். பிறகு மற்றதையும் சுருட்டினாள். இரண்டு கையும் பிள்ளைக் கை மாதிரி இருந்தன. டாக்டர் சிரிப்பை அடக்கமாட்டாமல் டீத்தூள் பாட்டிலை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குள் போய்விட்டார்.

இரண்டு நாள் அனுசியா பேசவில்லை. சுந்தரபாண்டியன் வாக்குமூலம் ஒன்று எழுதி அவள் பையில் வைத்தார். ‘மேற்படி கத்தியைக் கொண்டு மேற்படி நபர்களின் இடது கைகளில், அவர்களது சம்மதத்தின்பேரில்’ என்று இரண்டு பக்கம் போனது. கீழே கையெழுத்தும் தேதியும் இருந்தன. அவள் படித்துவிட்டு, சாட்சி கையெழுத்து இல்லை என்று திருப்பி வைத்தாள். அவர் குத்தாலிங்கத்திடம் வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு அவள் சொன்னபடி, ஒரு வாரம் காலையும் மாலையும் சிவசைலம் கடை வாசலில் நின்று எல்லோரும் பார்க்க டீ குடித்தார்.

ஏழாவது நாள் அவள் ஷெட்டுக்கே வந்து பலகைக் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அது ஆடியது.

“ஊர்க் கையெல்லாம் சிரைச்சீங்க. மொகத்துல ஒருநாளாவது இத வச்சீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

சுந்தரபாண்டியன் கத்தியை மடக்கினார். “பயமா இருக்கு” என்றார்.

அவள் சிரித்த சிரிப்பில் வயலில் நின்ற குத்தாலிங்கம் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவள் அனுப்பிய முதல் அறிக்கை மட்டும் எங்கெங்கோ மேலே போய்விட்டது. முடி உதிர்வு பற்றி மாதாமாதம் புதிய எண்ணிக்கை அனுப்பவேண்டும் என்று ஒரு படிவம் வந்தது. அது நோய் இல்லை என்று எழுதியும் படிவம் நிற்கவில்லை. ஆடி மாதத்தில் அனுசியா ஆண் என்ற கட்டத்திலும் பெண் என்ற கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதினாள். ஆவணியில் ஆண் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். அரசாங்கப் படிவத்தில் அவள் இதுவரை பொய் எழுதியதில்லை. சேலைத் தலைப்பை இடது கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பெண் என்ற கட்டத்தில் ‘ஒன்று’ என்று எழுதினாள்.